சட்டை இருக்கிறது, சிப்பாய் எங்கே?

2023ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள். பிரான்சு நாட்டின் ஃபோந்தேன்புளோ நகரில் ஓர் ஏலம். ஏலத்துக்கு வந்தது மணிமுடியன்று, மாளிகையன்று, மாணிக்க மாலையுமன்று. ஒரு தொப்பி! கறுத்த தொப்பி, இருபுறமும் மடிந்த தொப்பி, மாவீரன் நெப்போலியனுடையது என்று பறைசாற்றப்பட்ட தொப்பி. கூவினார்கள், ஏற்றினார்கள், போட்டியிட்டார்கள்; இறுதியில் ஏறத்தாழ 19 இலட்சம் யூரோவுக்கு அது கைமாறிற்று.

அந்த நெப்போலியன் 1812இல் உருசியாவின்மீது படையெடுத்தபோது, ஆறு இலட்சம் அளவிலான படைவீரர் அவர் பின்னே அணிவகுத்தனர். பனி தின்றது போக, பசி தின்றது போக, பிணி தின்றது போக, பீரங்கி தின்றது போக, திரும்பி வந்தோர் சிறு தொகையினரே. திரும்பாதோரில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோரின் எலும்புகள் 2001இல் லித்துவேனியாவின் வில்னியசு நகரில், கட்டட வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது குவியல் குவியலாக வெளிப்பட்டன. எலும்போடு எலும்பாகப் பித்தான்கள் கிடந்தன. மட்கிய துணிக் கந்தல் கிடந்தது. அதுவும் நெப்போலியன் படையின் சீருடைதான். அதற்கு ஏலம் கூறுவார் எவருமில்லை.

தலைவன் தொப்பிக்குத் தங்க விலை. தொண்டன் சட்டைக்குச் சவக்குழி! ஒரே படை, ஒரே போர், ஒரே ஆண்டின் பனி. ஆயினும் ஒன்று பேழையிலே, மற்றொன்று புழுதியிலே. ஏன் இந்த வேறுபாடு? யார் வகுத்தது இந்த வேறுபாடு? இதைத்தான் நாம் கேட்கிறோம்.

பழைய போர்ச் சீருடைகளையும் படைவீரர் மேலங்கிகளையும் தேடித் திரட்டும் பழக்கம் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. இலண்டனில் உண்டு, பாரிசில் உண்டு, நியூயார்க்கில் உண்டு, டோக்கியோவிலும் உண்டு. அமெரிக்க வான்படையின் தோற்சட்டைக்கு ஒரு கூட்டம். பிரிட்டிஷ் கடற்படையின் கம்பளி மேலங்கிக்கு ஒரு கூட்டம். செருமன் படைச் சீருடைக்கு ஒரு கூட்டம். தையலை எண்ணுகிறார்கள், பித்தானைப் பெருக்காடியில் பார்க்கிறார்கள், உள்துணியில் குத்திய முத்திரையைப் படிக்கிறார்கள். நாம் அதைப் பழிக்கவில்லை. பழையதை அழியாமல் காப்பது பண்பாடு. ஆராய்வது அறிவு. அணுவணுவாக நோக்குவது, உண்மை தேடுவோரின் இலக்கணம். திரட்டாதே என்று நாம் சொல்லவில்லை. தெண்டனிடாதே என்கிறோம்! பார்க்காதே என்று சொல்லவில்லை. பார்க்கிற கண்ணுக்குப் பக்தித் திரை போட்டுக்கொள்ளாதே என்கிறோம்!

கிரீனிச்சில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்துக்குச் செல்வோர் அனைவரும் காணும் ஒரு சட்டை உண்டு. 1805 அக்டோபர் 21ஆம் நாள் டிரஃபால்கர் கடற்போரில் தளபதி நெல்சன் அணிந்திருந்த சட்டை அது. இடத் தோளருகே குண்டு துளைத்த ஓட்டை இன்றும் தெரிகிறது. 1845இல் விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட், 150 பவுன் கொடுத்து வாங்கி அதைக் கிரீனிச்சுக்கு வழங்கினார். காண்போர் கண்கலங்குவர், இரத்தக் கறையைக் கண்டு உருகுவர். ஆனால் அந்தச் சட்டையின் கையிலும் வாலிலும் படிந்திருக்கும் கறை நெல்சனுடையது அன்று என்று ஆய்ந்தோர் கருதுகின்றனர். போரின் தொடக்கத்திலேயே அதே கப்பல் தளத்தில் குண்டடிபட்டு மாண்ட அவருடைய செயலாளர் ஜான் ஸ்காட்டின் குருதி அது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! சட்டை தளபதிக்கு, குருதி எழுத்தருக்கு. புகழ் ஒருவருக்கு, புண் மற்றொருவருக்கு. கண்ணீர் விடுவோர் யாருக்காக விடுகிறோம் என்று அறியாமலே விடுகின்றனர்.

அந்தப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் மாண்டவர் 400 பேருக்கு மேல். அவர்களுள் மாலுமிகளின் சீருடை எங்கே என்று தேடிப் போனால் கிடைக்காது. தொலைந்ததால் அன்று, அவர்களுக்குச் சீருடையே இல்லை என்பதால்! பிரிட்டிஷ் கடற்படை தன் அதிகாரிகளுக்கு 1748இல் சீருடை வகுத்தது. கயிறு இழுத்த மாலுமிக்கு, பாய்மரம் ஏறிய மாலுமிக்கு, பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று கருகிய மாலுமிக்குச் சீருடை வகுத்தது 1857இல்! நூற்றொன்பது ஆண்டு இடைவெளி! அந்த இடைவெளியில் வாழ்ந்து மாண்ட மாலுமிகளுக்குப் பேழையும் இல்லை, பேழையில் வைக்கப் பொருளும் இல்லை.

ஆகவே, அருங்காட்சியகத்திலே இருப்பதெல்லாம் வரலாறு என்று எண்ணுவது பேதைமை. எஞ்சியது இருக்கிறது, எஞ்சாதது இல்லை. எது எஞ்சும் என்பதைத் தீர்மானித்தது காலம் மட்டுமா? காசும் பதவியும் அல்லவா! அதிகாரியின் சட்டை, தனித் தையற்காரர் தைத்தது; நாட்கணக்கில் மட்டும் உடுத்தியது; பிறகு பெட்டியிலே கற்பூர வாசத்தோடு பேரப்பிள்ளைகளுக்காகத் துயின்றது. சிப்பாயின் சட்டையோ, மழையில் நனைந்தது, சேற்றில் புரண்டது, கிழிந்தது, ஒட்டுப் போட்டது, மீண்டும் கிழிந்தது; கடைசியில் கந்தல் வணிகனிடம் போயிற்று.

கந்தல் வணிகன் என்ன செய்தான்? இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் பேட்லி என்றோர் ஊர். அங்கே 1813ஆம் ஆண்டளவில், பழைய கம்பளிக் கந்தலைப் பிய்த்து, புதுக் கம்பளியோடு கலந்து, மீண்டும் நூற்று நெய்யும் முறையைப் பெஞ்சமின் லா என்பவர் கண்டார். அந்தத் துணிக்கு ஷாடி என்று பெயர். போர்வீரனின் கிழிந்த சட்டை அந்த ஆலைகளுக்குச் சென்றது. போர்வையாயிற்று, மலிவு மேலங்கியாயிற்று, சில வேளைகளில் மறுபடியும் சீருடையே ஆயிற்று. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது, வடமாநிலப் படைக்குச் சீருடை தரும் ஒப்பந்தம் எடுத்த வணிகர் சிலர் இந்த மட்டத் துணியைத் தைத்துத் தள்ளினர். ஒரு மழைக்குத் தாங்கவில்லை. உடுத்திய சில நாட்களில் உதிர்ந்து போயிற்று. வீரன் நடுங்கினான், வணிகன் கொழுத்தான். ஆங்கில மொழியிலே ஷாடி என்ற சொல்லுக்கு மட்டம், மோசம், போலி என்ற பொருள் நிலைத்தது அந்த நாட்களிலேதான். ஒரு மொழியின் அகராதியிலேயே எழுதப்பட்டுவிட்ட மோசடி அது! எந்த ஏலக் குறிப்பேட்டில் இந்தக் கதை வருகிறது? வீரம் வருகிறது, வெற்றி வருகிறது. வணிகனின் வஞ்சகம் மட்டும் வருவதேயில்லை.

நிறத்தை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் படையின் செஞ்சட்டை உலகறிந்தது. அது ஏன் சிவப்பு? பட்ட புண்ணின் குருதி தெரியாமலிருக்கத்தான் என்று ஒரு கதை ஊரெங்கும் உலவுகிறது. சொல்லுகிறவரும் சிந்திப்பதில்லை, கேட்கிறவரும் சிந்திப்பதில்லை. குருதி உலர்ந்தால் கறுக்கும். சிவப்புத் துணியில் கரும்படலமாகத் தெரியும். இடுப்புக்குமேல் குருதியை மறைக்க எண்ணியவர்கள், இடுப்புக்குக் கீழே வெள்ளைக் காற்சட்டை மாட்டுவார்களா? 1645இல் அமைந்த புதுமுறைப் படைக்குச் செஞ்சட்டை வந்தபோது, சிவப்புச் சாயம் மலிவாகவும் மிகுதியாகவும் கிடைத்தது. கதைக்குள்ளே வீரம் இருக்கிறது. கணக்குக்குள்ளே காசு இருக்கிறது.

அந்தச் சிவப்பிலும் உயர்வு தாழ்வு! சாதாரணச் சிப்பாயின் சட்டைக்கு மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரிலிருந்து எடுத்த மங்கிய சிவப்பு. அதிகாரியின் சட்டைக்கு, கடல் கடந்து மெக்சிகோவின் கள்ளியில் வாழும் பூச்சியை உலர்த்தி இடித்தெடுத்த ஒளிரும் செந்நிறம். தொலைவில் நின்றாலும் தெரியும், யார் மேல், யார் கீழ் என்று. வருணம் என்ற சொல்லுக்கு நிறம் என்பது பொருள். நாம் நன்கறிந்த சொல்தான். சாயத் தொட்டியிலேயே தரம் பிரித்த கொடுமையை வேறெந்தச் சொல்லால் சொல்வது?

மங்கிய சிவப்பாவது இலவசமா? அதுவுமில்லை. சிப்பாயின் கூலியில் ஒரு பகுதியை உடைக்கென்று பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தொகை படைப்பிரிவின் கர்னல் கையில் சேர்ந்தது. அவர் மலிவாகத் துணி வாங்கி, மீந்ததைத் தமதாக்கிக்கொள்வது ஊரறிந்த வழக்கமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்த முறை நீடித்தது. தன் காசில் தைத்த சட்டையைத் தான் போட்டு, தன் உயிரைப் பிறருக்காகக் கொடுத்தவன் சிப்பாய். அவன் சட்டையில் பித்தான் குறைந்தால் தண்டனை. அவன் கூலியில் காசு குறைந்தால் கேட்பாரில்லை!

இனிக் கிரிமியப் போருக்கு வருவோம். 1854 அக்டோபர் 25ஆம் நாள் பாலக்ளாவாவில், தவறாக உணரப்பட்ட ஓர் ஆணையை ஏற்று, 670 பேர் அளவிலான குதிரைப்படை பீரங்கி வாய்க்கு நேரே பாய்ந்தது. நூறு பேருக்கு மேல் மாண்டனர், பலர் காயமுற்றனர். அப்படையை நடத்தியவர் கார்டிகன் பிரபு. தம் படைப்பிரிவின் ஆடை அழகுக்காகச் சொந்தப் பணத்தை வாரி இறைத்தவர் அவர். போர் நடந்த நாட்களில் துறைமுகத்தில் நின்ற தம் சொந்த உல்லாசக் கப்பலில் உறங்கினார்; அவ்வாண்டு திசம்பரிலேயே தாயகம் நோக்கிப் புறப்பட்டார்.

நவம்பர் 14ஆம் நாள் பெரும்புயல் அடித்தது. படைவீரர்க்குரிய குளிர்கால உடைகளைச் சுமந்து வந்த பிரின்ஸ் என்னும் கப்பல் பாலக்ளாவாவுக்கு வெளியே மூழ்கிற்று. அந்தக் குளிர்காலத்தில் துப்பாக்கிக் குண்டு கொன்றவரைக் காட்டிலும் குளிரும் நோயும் கொன்றவர் மிகுதி. அதன் பின் என்ன நடந்தது? கார்டிகன் பெயர் ஒரு கம்பளிச் சட்டைக்கு வைக்கப்பட்டது. படைத்தலைவர் ராக்லன் பெயர் ஒரு வகைச் சட்டைக் கைக்கு வைக்கப்பட்டது. இன்றும் கடைகளில் அந்தப் பெயர்கள் தொங்குகின்றன. சட்டையோடு இருந்தவர் பெயர் சட்டைக்கு. சட்டையின்றிச் செத்தவர் பெயர் எதற்கு? எதற்குமில்லை!

அழகுக்குத்தானே சீருடை, அதனால் யாருக்கு என்ன தீங்கு என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு 1914ஆம் ஆண்டைக் காட்டுகிறோம். தொலைவிலிருந்தே குறிபார்த்துச் சுடும் துப்பாக்கிகள் வந்துவிட்டன. பிரிட்டிஷார் காக்கிக்கு மாறிவிட்டார்கள். செருமானியர் சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டார்கள். பிரெஞ்சுப் படைக்கு மட்டும் நீலச் சட்டையும் செந்நிறக் காற்சட்டையும்! மாற்றிவிடலாம் என்று அறிவுடையோர் கூறினர். செந்நிறக் காற்சட்டைதான் பிரான்சு என்று முழங்கினார், முன்பு போர் அமைச்சராக இருந்த எத்தியேன். மரபு என்றனர், மானம் என்றனர், மறக்குலப் பெருமை என்றனர். அந்த மானத்தின் சிவப்புச் சாயமோ செருமன் ஆலைகளில் செய்யப்பட்ட செயற்கைச் சாயம்!

1914 ஆகஸ்ட் 22ஆம் நாள் ஒரே பகலில் பிரெஞ்சு வீரர் 27,000 பேர் அளவில் மாண்டனர். காற்சட்டை ஒன்றே அத்தனை பேரையும் கொன்றது என்று நாம் சொல்லவில்லை. இயந்திரத் துப்பாக்கி கொன்றது, பீரங்கி கொன்றது, திறந்த வெளியில் நெஞ்சைக் காட்டிப் பாயச் சொன்ன போர்முறை கொன்றது. ஆனால் பச்சை வயலிலே செந்நிறக் காற்சட்டை, எதிரிக்குக் குறிகாட்டும் கொடியல்லவா! பிறகுதான் விழித்தார்கள்; மங்கிய நீலத்துக்கு மாறினார்கள். ஒரு துணியை நாட்டின் உயிர் என்று கொண்டாடியதற்கு, நாட்டின் உயிர்களையே விலையாகக் கொடுக்க நேர்ந்தது. பொருளை வழிபடும் மனம் ஆளை மறக்கும். ஆளை மறந்த மனம் அழிவைத் தேடும்.

அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் மார்சேய் துறைமுகத்தில் இந்தியப் படையினர் வந்திறங்கினர். சீக்கியர், பட்டாணியர், கூர்க்கர், மராட்டியர், கட்வாலியர் எனப் பல இனத்தவர். அவர்கள் உடுத்தியிருந்தது வெயில் நாட்டுக்கென்று தைத்த மெல்லிய பருத்திக் காக்கி. பிளாண்டர்சின் மழையும் சேறும் பனியும் அவர்களை எதிர்கொண்டன. அக்டோபரில் போர்முனையில் நிறுத்தப்பட்டனர். தக்க கம்பளி உடை எல்லோருக்கும் வந்து சேர்வதற்குள் குளிர் வந்து சேர்ந்துவிட்டது. நெவ் சப்பேலில் 1927இல் திறக்கப்பட்ட நினைவகத்தின் சுவரில் 4,700க்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கல்லறையும் அறியப்படாத இந்தியர் பெயர்கள் அவை.

அதே போரில், இலண்டன் கடைகளில் அதிகாரிகள் தம் சொந்தப் பணத்தில் வாங்கியணிந்த பதுங்குகுழி மேலங்கி இருக்கிறதே, டிரெஞ்ச் கோட்டு, அது இன்றைக்கும் நாகரிகச் சின்னம். சாதாரணச் சிப்பாய்க்கு அது கொடுக்கப்படவேயில்லை. பதுங்குகுழியில் பெரும்பாலோர் சிப்பாய்கள்; பதுங்குகுழியின் பெயரோ அதிகாரியின் கோட்டுக்கு! அதன் பெயரைச் சொல்லும்போதெல்லாம், அந்தக் குழியில் பருத்திச் சட்டையோடு நடுங்கியவனையும் நினைப்போமாக.

நம் மண்ணுக்கும் இந்தச் செய்தியில் பங்குண்டு. 1806இல் சென்னைப் படைத்தலைவர் கிரடாக் புதிய உடை விதிகளை வகுத்தார். புதுவகைத் தலைப்பாகை, அதிலே தோலால் செய்த சின்னம். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, காதணி கூடாது. மறுத்தவர்க்குச் சவுக்கடி. சூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டை வெடித்தது. வெள்ளையர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடக்கப்பட்டபோது சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். உடை மட்டுமே காரணம் என்பாருமல்லர் நாம். கூலிக் குறையும், இழிவும், கோட்டைக்குள் சிறைவைக்கப்பட்டிருந்த திப்புவின் மக்களும் அந்த நெருப்புக்கு விறகானார்கள்.

நெற்றிக்குறியை நீக்குவது சீர்திருத்தம்தானே, அதற்கு ஏன் வருந்த வேண்டும் என்று இளைஞர் ஒருவர் நம்மைக் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். விடை இதுதான்: அறிவால் நீங்குவது சீர்திருத்தம், சவுக்கால் நீக்குவது அடிமைத்தனம். ஒருவன் தானே சிந்தித்துத் துடைத்தால் அவன் நெற்றி தெளியும். மற்றவன் மிரட்டித் துடைத்தால் அவன் நெஞ்சு எரியும். உடம்பின்மீது எதைப் போடுவது என்று மேலிருப்பவன் ஆணையிட, கீழிருப்பவன் உயிரால் விடை சொன்ன இடம் வேலூர். அந்தத் தலைப்பாகையைப் பற்றி அறியாமல் சீருடையின் வரலாறு பேசுவோர், பாதி வரலாறே பேசுவோர்.

இன்னும் ஒரு கொடிய பகுதி இருக்கிறது. நாசிப் படைச் சீருடை வாணிகம்! கருநிற உடை, மண்டையோட்டுச் சின்னம், மின்னல் எழுத்து. இவற்றைத் தேடியலைந்து, பெருந்தொகை தந்து வாங்கி, மாட்டி அழகு பார்ப்போர் இன்றும் உள்ளனர். வெட்டு அழகு, தையல் அழகு என்கின்றனர். எஸ்.எஸ். என்னும் அந்த அமைப்பைக் குற்றவாளி அமைப்பு என்று 1946இல் நூரம்பர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தையலின் அழகைப் பேசுவோர் தைத்த கைகளைப் பேசட்டும்! மெட்சிங்கன் நகரில் ஹூகோ பாஸ் என்பவரின் ஆலை அத்தகைய சீருடைகளைத் தைத்தது. 1931இலேயே நாசிக் கட்சியில் சேர்ந்தவர் அவர். கருஞ்சட்டையின் வடிவத்தை அவரே வகுத்தார் என்பது தவறான கதை; அவர் ஆலை தைத்துக் கொடுத்தது என்பதுதான் உண்மை. போர்க்காலத்தில் அங்கே கட்டாயத் தொழிலாளர் 140 பேர் உழைத்தனர், பெரும்பாலோர் பெண்கள். பிரெஞ்சுப் போர்க்கைதிகள் 40 பேரும் உழைத்தனர். 2011இல் வெளிவந்த ஆய்வு இதை விளக்கிற்று. அந்நிறுவனமே வருத்தம் தெரிவித்தது.

இந்தச் சட்டைகளை எரித்துவிட வேண்டுமா? வேண்டாம். எரித்தால் சான்று போகும். சான்று போனால் நடந்ததே இல்லை என்று சாதிக்கப் பொய்யர் கூட்டம் காத்திருக்கிறது. அவை அருங்காட்சியகத்தில் இருக்கட்டும், குற்றவாளிக் கூண்டில் நிற்பதைப்போல! அருகிலே சிறைக்கூடத்தின் கோடிட்ட உடையும் இருக்கட்டும். தனியறையில் மெல்லிய விளக்கொளியில், மாலையிடாத குறையாக அதை வைத்துப் போற்றுவோரைத்தான் சாடுகிறோம். கொலைகாரன் சட்டையில் கலை தேடுவோர் கண்ணிலே கோளாறு இல்லை, கருத்திலே கோளாறு.

எல்லாச் சட்டையும் இப்படியா என்று மனம் சலிக்க வேண்டாம். சட்டைக்குச் சாதியில்லை; அணிபவன் எண்ணமே அதன் பொருளை ஆக்குகிறது. பிரிட்டிஷ் கடற்படையினர் குளிர்கடலில் அணிந்த டஃபிள் மேலங்கி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிவாகக் கடைக்கு வந்தது. மாணவர் வாங்கினர், ஆசிரியர் வாங்கினர், ஏழை எழுத்தாளர் வாங்கினர். 1958ஆம் ஆண்டு ஈஸ்டர் நாட்களில் அணுகுண்டை ஒழிக்கக் கோரி, இலண்டனிலிருந்து ஆல்டர்மாஸ்டன் நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்தபோது, அவர்கள் தோள்களில் அந்த மேலங்கி இருந்தது. போருக்குத் தைத்த துணி அமைதிக்கு நடந்தது!

அமெரிக்கப் படைக்கு 1965இல் வகுக்கப்பட்ட எம்-65 சட்டையின் கதையும் அறியத்தக்கது. வியட்நாம் சென்று திரும்பியோர் அந்தப் படைச் சட்டைகளோடே 1971 ஏப்ரலில் வாஷிங்டனில் திரண்டனர். தாம் பெற்ற பதக்கங்களை நூற்றுக்கணக்கில் நாடாளுமன்றப் படிகளை நோக்கி வீசியெறிந்தனர். பதக்கத்தை எறிந்தார்கள், சட்டையை எறியவில்லை. பதக்கம், ஆண்டவர்கள் தந்த பொய். சட்டை, தாங்கள் பட்ட மெய். இந்த வேறுபாட்டை உணர்ந்து ஒரு பழைய சட்டையை மாட்டிக்கொள்பவனை நாம் வாழ்த்துகிறோம். உணராமல் தோள்பட்டைச் சின்னத்துக்கும் தளதளப்புக்கும் மாட்டுபவனுக்கு ஒரு சொல்: தம்பி, அது நாடகச் சட்டையன்று, அதனுள் ஒருவன் வியர்த்திருக்கிறான், அழுதிருக்கிறான், அன்னையை நினைத்திருக்கிறான்.

திரட்டுவோரிடையே நேர்மையாளர் உண்டு. அவர்களிடம் நாமும் கற்க வேண்டிய பாடமும் உண்டு. கதையை வாங்காதே, பொருளை வாங்கு என்பது அவர்களுடைய மூதுரை. தளபதி அணிந்தது என்று விற்பவன் சொன்னால் நம்புவதில்லை. துணியின் நெசவைப் பார்க்கிறார்கள். நூல் பருத்தியா, செயற்கையா என்று சோதிக்கிறார்கள். முத்திரையின் ஆண்டையும் வடிவத்தையும் ஒப்பிடுகிறார்கள். புறஊதா விளக்கின்கீழ் நூல் பளிச்சென ஒளிர்ந்தால், பெரும்பாலும் அது போருக்குப் பின் பரவிய ஒளியூட்டிகள் கலந்த நூல் என்று ஐயுறுகிறார்கள். அதோடு நின்றுவிடாமல், பிற்காலச் சலவையாலும் அப்படி ஒளிரக்கூடும் என்று அந்தச் சோதனையையே சோதிக்கிறார்கள். இதுவன்றோ பகுத்தறிவு! யார் சொன்னாலும் கேள், எங்கே எழுதியிருந்தாலும் ஆராய், சான்று நிற்குமானால் ஏற்றுக்கொள்! ஒரு பித்தானுக்கு இவ்வளவு சான்று கேட்பவர்கள், அந்தப் பித்தானைச் சுற்றிப் பின்னிய வீரக் கதைக்கு மட்டும் சான்று கேட்காமல் விடுவதுதான் விந்தை. பித்தானில் விழிப்பு, புராணத்தில் உறக்கம்!

வில்னியசில் கிடைத்த கந்தலுக்குத் திரும்புவோம். அதற்கு ஏலக்காரர் வரவில்லை, அறிவியலார் வந்தனர். எலும்புத் துணுக்கும் துணிக் கந்தலும் கலந்த மண்ணை எடுத்துச் சலித்தனர். உடற்பேன்களின் சிதைவுகள் கிடைத்தன. அவற்றுள்ளே நோய்க்கிருமியின் மரபணுத் தடயம் கிடைத்தது. 2006இல் வெளியான அந்த ஆய்வு, பேனால் பரவும் காய்ச்சல்கள் அப்படையைப் பீடித்திருந்தன என்று காட்டிற்று. பின்வந்த ஆய்வுகள் மேலும் சில நோய்களின் தடயத்தைக் கண்டன. மாமன்னன் படையை வீழ்த்தியது உருசியப் பனி மட்டுமன்று, சட்டைத் தையலில் குடியிருந்த பேனும்தான் என்று கந்தல் வாய்திறந்து சொல்லிற்று. 19 இலட்சம் யூரோத் தொப்பி நமக்கு என்ன சொல்லிற்று? ஒன்றுமில்லை. விலையில்லாக் கந்தல் சொன்ன உண்மையை விலைமிகுந்த தொப்பி சொல்லவில்லை!

ஆகவே பழைய சீருடை திரட்டும் இளைஞர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் நான்கு.

முதலாவது, தோளணியையும் சரிகையையும் மட்டும் தேடாதீர்கள். ஒட்டுப் போட்ட முழங்கையைத் தேடுங்கள். ஒட்டை நீக்கிப் புதிதாக்காதீர்கள். அந்த ஒட்டுதான் வரலாறு.

இரண்டாவது, உள்துணியில் மையால் எழுதிய பெயரும் எண்ணும் இருந்தால், அந்த மனிதனைத் தேடுங்கள். அவன் எங்கே பிறந்தான், எங்கே மாண்டான், திரும்பினானா என்று ஆவணங்களைக் கேளுங்கள். கண்டதை எழுதிச் சட்டையோடு வையுங்கள். தளபதிக்கு வாழ்க்கை வரலாறு எழுத ஆயிரம் பேர். சிப்பாய்க்கு நீங்கள் ஒருவரே.

மூன்றாவது, தைத்த கையைக் கேளுங்கள். எந்த ஆலை, எந்தக் கூலி, எந்தப் பெண், எந்தக் கைதி என்று கேளுங்கள். வாள் மட்டும் போர் நடத்துவதில்லை, ஊசியும் நடத்துகிறது.

நான்காவது, விற்பவன் சொல்லும் வீரக் கதைக்கு ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். கதைக்கு விலை கொடுப்பவர் இருக்கும்வரை கதை கட்டுவோர் இருப்பர்.

பேழைகள் இருக்கட்டும், விளக்குகள் எரியட்டும், சட்டைகள் தொங்கட்டும். ஆனால் அவற்றின்முன் நிற்கும் நம் இளைஞர் கைகூப்பி நிற்க வேண்டாம், கண்திறந்து நிற்கட்டும். இது யாருடையது என்று கேட்பதோடு நில்லாமல், இது இல்லாதவன் யார் என்றும் கேட்கட்டும். அந்தக் கேள்வி எழுகிற நாளில், பெயரில்லாச் சிப்பாய்க்குப் பெயர் கிடைக்கும். பொய்ப்புகழ்ச் சட்டைக்கு மதிப்புக் குறையும். அடுத்த போருக்கு அளவெடுக்க வரும் தையற்காரனிடம், எங்கள் உடம்பு உன் துணிக்காக அன்று என்று சொல்லும் துணிவும் பிறக்கும்!